லாரி நெற்றியில் யாழினி

மூன்று வாரங்களுக்கு முன்பு ஒரு திங்கட்கிழமை. காலை பத்தேகால் மணி. என் மகளின் வகுப்பு ஆசிரியை போன் செய்தார்.

பள்ளிக்கூடத்திலிருந்து போன் என்றாலே எனக்குள் கேள்விகள் வரிசை கட்டும். காய்ச்சலா? ஊஞ்சலிலிருந்து விழுந்துவிட்டாளா? ரப்பர் துண்டை மூக்கில் விட்டுக்கொண்டாளா? 'ஹலோ' சொல்லி முடிப்பதற்குள் ஆஸ்பத்திரி வரை போய்த் திரும்பிவிடுவேன். இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு இதெல்லாம் பழகிப்போயிருக்கும்.

ஆசிரியை கேட்டது வேறு.

"மேடம், யாழினி சீக்கிரமே காஷ்மீர் போறேன்னு சொல்றா. அங்கிருந்து அஸ்ஸாமாம். லீவ் லெட்டர் எதுவும் வரலையே?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் எதைத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேனோ, அது வகுப்பறை வரை போய்விட்டது என்று மட்டும் புரிந்தது.

"அவ போகலைங்க மிஸ்... அவ பேர்தான் போகுது" என்றேன்.

"பேர் மட்டும் போகுதா?" என்றார். நாமக்கல்லுக்குப் புதிதாக வந்தவர். பாவம்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். இங்கே யாரும் லாரி வாங்குவதில்லை. வீடு மாதிரி, லாரியைக் 'கட்டுவார்கள்'. கம்பெனியிலிருந்து வருவது கேபினும், எஞ்சினும், சக்கரமும், நீளமாக இரண்டு இரும்புச் சட்டமும்தான். சேசிஸ் என்பார்கள்; முதுகே இல்லாத ஒரு விலங்கு மாதிரி வந்து நிற்கும். சரக்கு ஏற்றும் பாடி முழுவதும் எங்கள் ஊர்ப் பட்டறைகளில் கையால் செய்வது. கட்டி முடித்ததும் கேபினுக்கு மேலே நெற்றி மாதிரி ஒரு பலகை நிறுத்துவார்கள். அதில் குலதெய்வத்தின் பெயர் ஒரு வரி. அதற்குக் கீழே அந்த வீட்டுக் குழந்தையின் பெயர், கொஞ்சம் பெரிதாகவே. தெய்வம் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

என் கணவரின் தம்பி சக்திவேல் பத்து வருடமாக லாரி ஓட்டுகிறார். இதுவரை ஓட்டியதெல்லாம் அடுத்தவர் வண்டி. இப்போதுதான் முதல்முறையாகச் சொந்தமாக ஒன்று. அவருக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. வீட்டில் குழந்தை என்றால் எங்கள் யாழினி ஒருத்திதான். ஆறு வயது. வேறு யார் பெயர் வரும்?

சேசிஸ் வந்து இறங்கிய அன்றே அவளைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு சொல்லிவிட்டார். "சாமி, உம்பேரு காஷ்மீர் வரைக்கும் போகப்போகுது பாரு."

அன்றிலிருந்து அவளுக்குக் கால் தரையில் இல்லை. காய்கறி வண்டிக்காரர், மாடி வீட்டு அக்கா, பல் டாக்டர்... ஒருவரையும் விடவில்லை. எல்லோரிடமும் சொல்லிவிட்டாள்.

நான் மட்டும் அதை ஒருவரிடமும் சொல்லவில்லை.

குழந்தையின் பெயரை முன்பின் தெரியாதவர்களுக்குத் தெரியவிடாதீர்கள் என்று பெற்றோர் கூட்டத்தில் ஒரு மணி நேரம் வகுப்பெடுத்தார்கள். குறிப்பெடுத்துக்கொண்ட ஒரே அம்மா நான். அவளுடைய ஸ்கூல் பையில்கூடப் பெயரை உள்பக்கமாகத்தான் தைத்திருக்கிறேன். அப்படிப்பட்ட நானே ஒன்றரை அடி உயர எழுத்தில் அவள் பெயரை எழுதி, நெடுஞ்சாலையில் ஓட விடுவதா?

இது வெளியே சொல்லிக்கொள்கிற காரணம். உள்ளே இன்னொன்று இருந்தது. லாரி என்பது லாரி. சாலை என்பது சாலை. என்றைக்காவது ஒருநாள் செய்தித்தாளில் ஒரு படம் வரும். நசுங்கிய பலகை... அதில் பாதி எழுத்துகள்... அங்கே நிறுத்திக்கொள்வேன். அதற்குமேல் நினைக்க மாட்டேன். ஆனால் அந்த இடம் வரைக்கும் ஒரு நாளைக்கு நாற்பது தடவை நினைப்பேன்.

கணவரிடம் சொன்னேன். கல்லூரியில் பிசிக்ஸ் நடத்துகிறவர்.

"பேருக்கும் பிரேக்குக்கும் என்ன சம்பந்தம்?" என்றார்.

"சம்பந்தம் இல்லைன்னா எழுதாம விட்டுடலாமே?"

"அதைச் சக்திகிட்ட நீயே சொல்லிக்க" என்று கையிலிருந்த போனுக்குள் போய்விட்டார்.

சக்தியிடமா? சேசிஸ் வந்த நாளிலிருந்து தினமும் பட்டறைக்குப் போய், பலகை பலகையாகத் தொட்டுப் பார்த்துவிட்டு வருகிறவரிடமா? சாப்பிடும்போதுகூட தட்டின் ஓரத்தில் விரலால் அளவு போட்டுக் காட்டுகிறவரிடமா?

படித்தவள் இல்லையா, ஒரு வழி கண்டுபிடித்தேன். யாருக்கும் தெரியாமல் பெயிண்டரிடமே நேராகப் போய்ச் சொல்லிவிடுவது. இடம் போதவில்லை என்று அவரே சக்தியிடம் சொல்லட்டும். யார் மனதும் நோகாது. எவ்வளவு அழகான திட்டம்.

ஆசிரியையின் போன் வந்த மறுநாளே, யாழினியைப் பள்ளியில் விட்டுவிட்டு, ஸ்கூட்டரைச் சேலம் ரோட்டில் இருக்கும் பட்டறைக்குத் திருப்பினேன்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். லாரி வீட்டுக்கு மருமகளாக வந்து எட்டு வருடமாகிறது. அந்தப் பட்டறைகளைக் கடந்து எத்தனை ஆயிரம் தடவை போயிருப்பேன். உள்ளே கால் வைத்தது அன்றுதான் முதல்முறை.

போன தை மாதம் சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு மண்டபத்தில் கைவினைக் கண்காட்சி நடந்தது. குழந்தைக்குப் பாரம்பரியம் தெரிய வேண்டுமே... கடமை. இங்கிருந்து சேலம் வரை பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனேன். மண் பொம்மை, மூங்கில் கூடை, பித்தளை விளக்கு என்று ஒவ்வொன்றின் முன்னாலும் நிறுத்தி விளக்கம் சொன்னேன். ஒரு மர வண்டி பொம்மை வாங்கினோம். அது இன்றுவரை ஷோகேஸில் இருக்கிறது. யாழினி தொடக் கூடாது. உடைந்துவிடும்.

இங்கே, என் வீட்டிலிருந்து பத்தாவது நிமிடத்தில், முப்பது நாற்பது பேர் கையாலேயே லாரி செய்துகொண்டிருந்தார்கள்.

எப்படிச் சொல்வது? உள்ளே நுழைந்ததும் வந்த காரியமே மறந்துபோனது. ஒரு பக்கம் மரத்தூள் மழை. இன்னொரு பக்கம் வெல்டிங் பொறி. தகரத்தை மரச் சுத்தியால் தட்டித் தட்டி வளைக்கிற ஒருவர் — அளவுகோல் இல்லை, அச்சு இல்லை, உள்ளங்கையால் தடவிப் பார்த்துவிட்டு மறுபடியும் இரண்டு தட்டு. வரைபடம் எங்கே என்று தேடினேன். சிமெண்டுத் தரையில் சுண்ணக்கட்டியால் நான்கு கோடு கிழித்திருந்தது. அவ்வளவுதான். அதன்மேல் ஒரு கோழி நடந்து போய்க்கொண்டிருந்தது.

சக்தியின் லாரிக்கு மரவேலை செய்கிற பழனிசாமி ஆசாரி காதில் பென்சிலோடு நின்றிருந்தார்.

"இத்தனை அளவையும் எப்படிங்க ஞாபகம் வெச்சுக்குவீங்க?" என்று கேட்டேன்.

"ஞாபகமெல்லாம் எதுக்குங்க அம்மிணி? கைக்குத் தெரியும்ங்க" என்றார். பிறகு, கேட்காமலேயே சொன்னார். "எங்க தாத்தன் கட்டை வண்டி கட்டுனாருங்க. எங்கப்பன் பஸ் பாடி கட்டுனாரு. நான் லாரி. மாடு மட்டுந்தானுங்க மாறியிருக்குது."

நான் வாய் விட்டுச் சிரித்துவிட்டேன். எனக்கு ஒரே பரபரப்பு. வண்டிச் சக்கரம் செய்தவர்கள், ஏர்க்கொழு அடித்தவர்கள், தேருக்கு வர்ணம் தீட்டியவர்கள்... அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் ஒரே கூரைக்குக் கீழே கூடி நின்று வேலை செய்கிறார்கள். அதைப் பார்க்காமல் நான் சேலம் வரை டிக்கெட் எடுத்திருக்கிறேன்.

யோசித்துப் பாருங்கள். கைவினை என்றால் கண்ணாடிக்குள் அசையாமல் நிற்க வேண்டும் என்று நமக்கு யார் சொல்லிக்கொடுத்தது? பதினாறு டன் சுமந்துகொண்டு மணிக்கு அறுபது கிலோமீட்டர் வேகத்தில் ஓடினால் அது கைவினை இல்லையா?

லாரியின் முன்பக்கம் சாரம் கட்டியிருந்தது. அதன்மேல் பெயிண்டர் சேகர் அண்ணனும் அவர் மனைவி சுமதி அக்காவும். எழுத்து அவர் பொறுப்பு. பூ, பறவை எல்லாம் அக்கா பொறுப்பு. சேகர் அண்ணனின் அப்பா தேருக்கு வர்ணம் பூசியவராம். அதைச் சொன்னது சுமதி அக்கா. "தேருல எழுதுன கையோட வாரிசுங்க இவரு. அதனாலதான் ஒரு வண்டியும் சொன்ன தேதிக்கு முடியறதில்ல."

அவர் அதைக் கேட்காத மாதிரி பிரஷ்ஷை வழித்துக்கொண்டிருந்தார். பல வருடம் பழகிய காது.

வந்த காரியம் நினைவுக்கு வந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டேன்.

"அண்ணா, ஒரு உதவி வேணுங்க. அந்தப் பேரை... எழுத வேண்டாங்க."

"எந்தப் பேருங்க அம்மிணி? சாமி பேரா, குழந்தை பேரா?"

"குழந்தை பேருதாங்க. இடம் பத்தலைன்னு எங்க கொழுந்தனார்கிட்டச் சொல்லிடுங்களேன்."

சுமதி அக்கா இதழ் தீட்டுவதை நிறுத்தவில்லை, திரும்பவும் இல்லை. "ஆறடிப் பலகையில இடம் பத்தலீங்களாமா. ஏனுங்க, உங்களுக்குக் கண்ணு போச்சுன்னு ஊரெல்லாம் பேசோணுமாட்ட இருக்குது."

"நீ பூவப் போடு."

"போட்டுட்டுத்தான் இருக்கறேன். காது சும்மாதான இருக்குது."

நான் பாதுகாப்பு, பெற்றோர் கூட்டம், முன்பின் தெரியாதவர்கள் என்று ஆரம்பித்தேன். அக்கா பொறுமையாகக் கேட்டார்.

"ஏனுங்க அம்மிணி, காஷ்மீர்ல தமிழு ஆருங்க படிக்கறாங்க? ஓசூர் தாண்டிட்டா எழுத்தும் பூவுதானுங்க. நான் போடறதையும் இவரு போடறதையும் ஒண்ணாத்தான் பார்ப்பாங்க."

"போன மாசம் மட்டும் ரெண்டு யாழினி எழுதியிருக்கறேனுங்க" என்று சேகர் அண்ணனும் சேர்ந்துகொண்டார். "எந்த யாழினின்னு எவன் கண்டுபுடிக்கறது?"

வெளியே சொல்கிற காரணம் அத்தோடு முடிந்தது. 

சேகர் அண்ணன் என் முகத்தைப் பார்த்தார். "சரிங்க. வேண்டாம்னா வேண்டாம். ஆனா நூல் தட்டி, சுண்ணக்கட்டியில எழுதி வெச்சாச்சுங்க. குழந்தை பேர நான் எழுதுவேனே ஒழிய அழிக்கறதில்லீங்க. எங்கப்பன் காலத்துப் பழக்கம். அழிக்கறதுன்னா நீங்களே மேல வந்து அழிச்சுருங்க."

சாரத்திலிருந்து இறங்கி வந்து, ஒரு வாளியிலிருந்து ஈரத்துணியைப் பிழிந்து என் கையில் கொடுத்தார்.

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏணியில் ஏறினேன். பலகைக்கு நேரே முகம் போனதும்...

கீழிருந்து பார்க்கும்போது அது பெயர். பக்கத்தில் போனால் வேறு. மேலும் கீழும் சுண்ணத்தூள் நூல் தட்டிய இரண்டு கோடு. நடுவில் மூன்று எழுத்து. அந்த 'ழ' மட்டும் என் கையளவுக்கு ஒரு சுழி சுழித்து, கீழே இறங்கி, கொஞ்சம் யோசித்துவிட்டு மறுபடியும் மேலே ஏறியிருந்தது. அழித்து எழுதிய தடமே இல்லை. ஒரே இழுப்பு.

"ழ எழுதறதுன்னா நெம்பப் பிரியமுங்க எனக்கு" என்றார் கீழேயிருந்து.

துணியைத் தூக்கினேன். கை அங்கேயே நின்றுவிட்டது.

"என்னதானுங்க பயம்? நெசத்தச் சொல்லுங்க அம்மிணி" என்றார் சுமதி அக்கா.

சொன்னேன். இத்தனை நாள் நினைப்பில்கூட முடிக்காத வாக்கியம், அந்த ஏணி மேல் நின்று, பட்டறைக்கே கேட்கிற குரலில் வந்தது.

"ஆக்ஸிடென்ட் ஏதாவது ஆயிடுச்சுன்னா?"

சுத்திகள் நின்றன.

லாரி குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவர்களுக்குத் தெரியும், நான் என்ன செய்துவிட்டேன் என்று. அந்தச் சொல்லை நாங்கள் சொல்வதில்லை. நடந்தே இருந்தாலும் 'வண்டி தட்டிருச்சு' என்போம், 'ஒரசிருச்சு' என்போம். முன்பக்கம் முழுக்கப் போயிருந்தாலும் 'லேசா ஒரசிருச்சு'தான். என் மகளுக்கு இரண்டு வயதில் நான் சொல்லிக்கொடுத்த முதல் பாடங்களில் அது ஒன்று. எட்டு வருடம் கட்டிக்காத்த வாய்... இன்னும் நம்பர்கூட எழுதாத, பூஜை போடாத ஒரு லாரியின் முகத்துக்கு நேராக அதைச் சொல்லிவிட்டது. கல்யாண மேடையில் ஏறி நின்று இழவுச் செய்தி வாசித்த மாதிரி.

ஆசாரி உளியைக் கீழே வைத்துவிட்டுத் தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். வெல்டிங் செய்தவர் முகமூடியைத் தூக்கிப் பார்த்தார். யாரோ ரேடியோவை அணைத்தார்கள். சுமதி அக்கா இறங்கிப் போய், சாமி படத்தடியிலிருந்து எலுமிச்சம்பழமும் கற்பூரமும் எடுத்து வந்து, வண்டியை மூன்று சுற்றுச் சுற்ற ஆரம்பித்தார்.

அப்போதுதான் வண்டிக்குப் பின்னாலிருந்து சக்தி வந்தார்.

பாடியின் கீழே படுத்து ஏதோ போல்ட் பார்த்துக்கொண்டிருந்தாராம். சட்டையெல்லாம் மண். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். நான் ஏணியின் உச்சியில். கையில் ஈரத்துணி. கண்ணெதிரே அவள் பெயர். எந்தப் பொய்யும் சொல்ல வழியில்லை.

"தம்பி..." என்றேன்.

அவர் துணியைப் பார்த்தார். பலகையைப் பார்த்தார்.

"உங்களுக்கு மனசில்லைன்னா அழிச்சுருங்க அண்ணி. நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேனுங்க."

எங்கள் பக்கத்தில் ஒருவர் 'ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்' என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும்.

"ஆனா பாப்பாகிட்ட நான் சொல்ல மாட்டேன். அத மட்டும் நீங்க சொல்லிக்கோங்க."

"உங்களுக்குப் பயமே இல்லீங்களா தம்பி?"

"பயம் இல்லாமயா?" என்றார். துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே பேசினார். யாரையும் பார்க்கவில்லை. "நான் மொதல்ல ஓட்டுன வண்டியில ரெண்டு பசங்க பேரு இருந்துச்சுங்க. கவின், கிருத்திக். அடுத்த வண்டியில ஒரு பாப்பா, சஷ்மிதா. அதுக்கடுத்து ஹரிணி. ஒரு குழந்தையவும் நான் கண்ணுல பார்த்ததில்லீங்க அண்ணி. பத்து வருசமா அடுத்தவங்க ஊட்டுக் குழந்தைங்களத் தலைமேல வெச்சுட்டு ஓட்டியிருக்கறேன். ஒரு பேருக்கும் ஒரு கீறல் உடலீங்க. கண்ணு சொருகற மாதிரி இருந்தா ஓரங்கட்டிருவேன். ஓனருக்காக இல்லீங்க. மேல குழந்தைங்க இருக்குதுங்களேன்னு."

துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார்.

"நம்மூட்டுக் குழந்தைய வெச்சு ஓட்டறப்ப இன்னும் கொஞ்சம் மெதுவாத்தான் போவேன்னு நெனச்சேன். அவ்வளவுதானுங்க."

சுமதி அக்கா மூன்றாவது சுற்றை முடித்துவிட்டு நின்றார். கற்பூரம் மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

ஏணிமேல் நின்றுகொண்டு நான் கவினின் அம்மாவை நினைத்துக்கொண்டேன். ஹரிணியின் அம்மாவை நினைத்துக்கொண்டேன். எங்கே இருக்கிறார்களோ. முகமே தெரியாத ஒரு டிரைவரின் தலைக்கு மேலே தங்கள் பிள்ளைகளின் பெயரை எழுதி அனுப்பியிருக்கிறார்கள். அவர்களும் என்னைப் போல நாற்பது தடவை பயந்திருப்பார்கள் இல்லையா? அந்தப் பெயர்கள்தானே எங்கள் வீட்டுப் பிள்ளையைத் தூக்கம் வந்தபோது ஓரங்கட்ட வைத்து, பத்து வருடமாக முழுதாக வீட்டுக்குத் திருப்பி அனுப்பியிருக்கின்றன?

என் மகளின் பெயரை லாரிக்குக் கொடுப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். லாரியை ஓட்டுகிறவருக்குக் காவலாக அல்லவா அதைக் கேட்கிறார்கள்.

கையிலிருந்த ஈரத்துணியால் என் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். ஒரே டர்ப்பன்டைன் வாடை. கண் எரிந்தது. கண்ணீருக்கு அதுதான் காரணம் என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். நீங்களும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

"எழுதிடுங்க அண்ணா" என்றேன். "கொஞ்சம் பெருசாவே எழுதுங்க."

இறங்கி வந்ததும் சுமதி அக்கா பிடித்துக்கொண்டார். "வாயத் தொறந்து சொன்னீங்கல்ல... அதுக்குப் பரிகாரமா ஒரு வேலை இருக்குதுங்க அம்மிணி. கிளிக்கு நீங்கதான் கண்ணு வெக்கோணும்."

பெயருக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு கிளி வரும். அக்கா போடுகிற கிளிகளுக்கு வண்டி கிளம்பும் நாள் வரைக்கும் கண் இருக்காது. இறகு, அலகு, கழுத்தில் சிவப்பு வளையம் எல்லாம் முடித்து, கண்ணில் ஒரு வெள்ளை வட்டம் மட்டும் விட்டுவைப்பார். வீட்டுப் பெண் ஒருத்தி வந்து கறுப்புப் பொட்டு வைத்த பிறகுதான் வண்டிக்குச் சாலை தெரியும் என்பது அந்தப் பட்டறையின் நம்பிக்கை.

"எனக்குக் கோலத்துல நேர்ப்புள்ளியே வராதுங்க அக்கா."

"கோலத்துக்கு லைசென்ஸு வேண்டாம், கிளிக்கும் வேண்டாம். ரெண்டு வாரம் கழிச்சு வர்ற வெள்ளிக்கிழமை வாங்க."

அந்த வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் யாழினியை அப்படியே கூட்டிக்கொண்டு போனேன். பட்டறை வாசலிலேயே இருவரும் நின்றுவிட்டோம்.

முதுகில்லாமல் வந்த விலங்கா அது? நெற்றி முழுக்க நீலமும் குங்குமச் சிவப்பும். ஓரமெல்லாம் மஞ்சள் பூங்கொடி. ஒரு பூ மாதிரி இன்னொன்று இல்லை. கையால் போட்டதற்கு அதுதானே அடையாளம். நடுவில் வெள்ளை எழுத்து, அதன் பின்னால் மெல்லிய ஆரஞ்சு நிழல். எழுத்துகள் பலகையை விட்டு ஒரு அங்குலம் முன்னால் வந்து நிற்கிற மாதிரி இருந்தது. யாழினி தலையை அண்ணாந்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். படித்து முடித்துவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து படித்தாள். தினமும் நோட்டில் எழுதுகிற பெயர்தான். ஆனால் அன்றைக்குத்தான் அது தன்னுடைய பெயர் என்று தெரிந்துகொண்ட மாதிரி ஒரு முகம்.

"சித்தப்பா, இது நான் தானே?"

"நீயேதான் சாமி."

நான் ஏணியில் ஏறினேன். சுமதி அக்கா மேலே சாரத்தில் உட்கார்ந்துகொண்டு கறுப்பு தொட்ட பிரஷ்ஷைக் கொடுத்தார்.

"ஒரே பொட்டு. வெச்சுட்டு எடுத்துருங்க. யோசிக்காதீங்க."

யோசிக்காதே என்று என்னிடம் சொல்கிறார்.

இடதுபக்கக் கிளிக்கு வைத்தேன். நடுவில், நச்சென்று. கிளி சட்டென்று உயிர் வந்து சாலையைப் பார்த்தது. எனக்கே நம்ப முடியவில்லை. கீழே ஆசாரி கை தட்டினார். உற்சாகம் தாங்காமல் வலதுபக்கக் கிளிக்குப் போனேன். பிரஷ் வெள்ளை வட்டத்தைத் தொடப் போகிற அந்த நொடியில் கீழிருந்து என் மகளின் குரல்.

"அம்மா, பார்த்து... விழுந்துடாத... கெட்டியாப் புடிச்சுக்கோ..."

அத்தனையும் என் வசனங்கள். ஒரு வார்த்தை மாற்றவில்லை. யாருக்குத் திரும்பிப் பார்க்காமல் இருக்க முடியும்? திரும்பினேன். கையும் கூடவே திரும்பியது.

பொட்டு கண்ணின் பின்மூலையில் போய் உட்கார்ந்துவிட்டது.

முகம் முன்னால் பார்க்கிறது. கண் மட்டும் பின்னால் பார்க்கிறது. ஒரு கிளி நேராகச் சாலையைப் பார்க்க, இன்னொன்று 'வீட்டைப் பூட்டினோமா' என்று யோசிக்கிற மாதிரி.

"ஐயோ... அக்கா, துடைச்சுடுங்க. இன்னொரு தடவை வெக்கறேன்."

"வெச்ச கண்ண மாத்தறதில்லீங்க" என்றார் கீழேயிருந்து சேகர் அண்ணன். இந்த மனிதருக்குத்தான் எத்தனை பழக்கங்கள்.

நான் பயந்துகொண்டே சக்தியைப் பார்த்தேன். பத்து வருடக் கனவு. அதில் ஒரு மாறுகண் கிளி. அவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் அண்ணாந்து பார்த்தார். அதற்குள் யாழினி முந்திக்கொண்டாள்.

"சித்தப்பா, அந்தக் கிளி எங்கம்மாவாட்டவே பார்க்குது."

முதலில் சிரித்தது சக்திதான். பிறகு ஆசாரி. பிறகு பட்டறை மொத்தமும். சுமதி அக்கா சாரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சேகர் அண்ணன் மட்டும் எழுத்துக்காரர் இல்லையா, கிளியைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "நல்லாத்தானுங்க இருக்குது. நெனச்சாலும் இப்படி வராது" என்றார். அதைவிடப் பெரிய விருது எனக்கு இனிமேல் வரப்போவதில்லை.

சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்து, பூசணிக்காய் சுற்றி உடைத்து, முதல் ஹாரனை யாழினியை அடிக்க விட்டு, வண்டி கிளம்பியது. முதல் லோடு பள்ளிபாளையத்திலிருந்து பேப்பர், நாக்பூருக்கு. திருப்பத்தில் மறைகிற வரைக்கும் நாங்கள் பார்த்துக்கொண்டு நின்றோம்.

வீட்டுக்கு வந்ததும் ஷோகேஸைத் திறந்து அந்த மர வண்டி பொம்மையை எடுத்து யாழினியிடம் கொடுத்தேன். ஓட்டிக்கோ என்றேன். ஒரு மணி நேரத்தில் ஒரு சக்கரம் கழன்றது. என்னையறியாமல் சொன்னேன்: "பரவாயில்ல, லேசா ஒரசிருச்சு." இருவருமாக உட்கார்ந்து ஒட்டினோம். இப்போது அது கொஞ்சம் சாய்ந்து ஓடுகிறது. ஆனால் ஓடுகிறது.

நேற்று மத்தியானம் சக்தியிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. நாக்பூர் பக்கம் ஏதோ ஒரு டீக்கடை. எங்கள் லாரிக்கு முன்னால் தலைப்பாகை கட்டிய டிரைவர் ஒருவர் நின்று போனில் படம் பிடித்துக்கொண்டிருக்கிறார். போன் நீட்டியிருக்கும் திசையில் பெயர் இல்லை. கிளி.

'ஒரு கீறல் இல்லீங்க அண்ணி. எல்லாரும் இந்தக் கிளியைத்தான் கேக்கறாங்க. எங்க அண்ணி வெச்ச கண்ணுன்னு சொன்னேன்' என்று எழுதியிருந்தார்.

உடனே பதில் அடித்தேன். சாப்பிட்டீங்களா, தூங்குனீங்களா, டயர்ல காத்து பார்த்தீங்களா, தண்ணி கொதிக்க வெச்சதுதானா...

அரை நிமிடத்தில் அவரிடமிருந்து ஒரே ஒரு வரி.

'இதையெல்லாம் கிளியே கேட்டுட்டு வருதுங்க அண்ணி.'